ரோமியோ ஜூலியட் சாவுக்கு நட்சத்திரம் காரணமா, மனிதர்கள் காரணமா?

நூலகத்துமூலை:

ஷேக்ஸ்பியரின் இந்த நாடகத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே "பாவம், அவங்க தலையெழுத்து அப்படி" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சமீபத்தில் முழு நாடகத்தையும் திரும்பப் படித்தேன். இந்த முறை ஒரு விஷயத்தை மட்டும் ஓரத்தில் குறித்துக்கொண்டே வந்தேன்: விதி, நட்சத்திரம், அதிர்ஷ்டம் என்ற பேச்சை யார் எடுக்கிறார்கள், எந்த நேரத்தில் எடுக்கிறார்கள்?

"விதி என்னை வைத்து விளையாடுகிறதே!" என்று ரோமியோ கத்துவது எப்போது? ஜூலியட்டின் மாமன் மகன் டிபால்ட்டைக் குத்திச் சாய்த்த கையோடு. "நம்மால் எதிர்க்க முடியாத ஒரு சக்தி நம் திட்டத்தைக் கெடுத்துவிட்டது" என்று, இருவருக்கும் ரகசியமாகக் கல்யாணம் செய்துவைத்த பாதிரியார் லாரன்ஸ் சொல்வது எப்போது? கல்லறைக்குள் ரோமியோவும், ஜூலியட்டைப் பெண் கேட்டிருந்த பாரிஸும் செத்துக் கிடக்கிறார்கள், அவர் கொடுத்த மருந்தில் பிணம்போலக் கிடந்த ஜூலியட் அப்போதுதான் கண் விழித்திருக்கிறாள். சொன்னவர் அடுத்து என்ன செய்கிறார்? காவல்காரர்கள் வரும் சத்தம் கேட்கிறது, "இனி இங்கே நிற்க எனக்குத் துணிவில்லை" என்று கிளம்பிவிடுகிறார். 14 வயதுகூட நிரம்பாத பெண். பக்கத்தில் கணவனின் உடல், அவன் இடுப்பில் கத்தி. அவளை அந்த இருட்டில் தனியாக விட்டுவிட்டுப் போனதையும் நட்சத்திரத்தின் கணக்கில் எழுதலாமா?

கதை நடக்கும் வெரோனா ஊரில் விதி என்று சொல்லப்படுவதெல்லாம் ஏற்கெனவே யாரோ எடுத்த முடிவுகளின் கூட்டுத்தொகை என்றுதான் எனக்குப் படுகிறது. அதில் பெரும்பங்கு பெரியவர்களுடையது. மறுப்பவர்கள் நாடகத்திலிருந்தே ஆதாரம் காட்டுங்கள், பேசலாம்.

தென்கிழக்கு:

மறுக்கிறேன். ஆதாரம் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு பாத்திரமும் மேடைக்கு வருவதற்கு முன்பே 14 வரி முன்னுரைப் பாட்டு வருகிறது. ஆகாத நட்சத்திரத்தில் பிறந்த காதலர்கள், சாவின் முத்திரை விழுந்த காதல் என்று அங்கேயே சொல்லிவிடுகிறார். முடிவு என்ன என்று பார்வையாளனுக்குத் தெரியும், பாத்திரங்களுக்குத் தெரியாது. ஆசிரியரே போட்ட சட்டகம் அது. அதை ஒதுக்கி வைத்துவிட்டு "இது மனிதர்களின் தேர்வு" என்று எப்படிச் சொல்வீர்கள்?

அப்புறம் தற்செயல்களைப் பாருங்கள். ஜூலியட்டின் தகப்பன் கேப்யுலட் வீட்டு விருந்துக்கு அழைக்க வேண்டியவர்கள் பட்டியலை ஒரு வேலைக்காரனிடம் கொடுத்து அனுப்புகிறார்கள். அவனுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. தெருவில் எதிரே வந்தவனிடம் படித்துக் காட்டச் சொல்கிறான். எதிரே வந்தவன் ரோமியோ! அந்தப் பட்டியலில் ரோமியோ உருகிக்கொண்டிருந்த ரோசலின் பெயரும் இருக்கிறது. அவளைப் பார்க்கப் போன இடத்தில்தான் ஜூலியட்டைப் பார்க்கிறான். அந்தத் தெருமுனையில் வேறு யாராவது வந்திருந்தால் கதையே இல்லை.

கடைசியில் ஜூலியட் கண் விழிப்பது ரோமியோ விஷம் குடித்துச் சில நிமிடங்களுக்குப் பிறகு. சில நிமிடங்கள்! இதில் யாருடைய முடிவைக் காட்டுவீர்கள்?

ரோமியோவுக்கே முன்கூட்டித் தெரிந்துவிடுகிறது. விருந்துக்குள் நுழையும் முன்பே, நட்சத்திரங்களில் தொங்கிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு கேடு இன்றைய இரவில் தொடங்கப்போகிறது, அது என் அகால மரணத்தில் முடியும் என்று மனசு சொல்கிறது என்கிறான். டிபால்ட்டைக் கொன்றதற்காக நாடுகடத்தப்பட்டு, மாண்டுவா என்ற ஊருக்குக் கிளம்பி அவன் ஜன்னலிலிருந்து கீழே இறங்கி நிற்கும்போது ஜூலியட்டின் கண்ணுக்கு அவன் கல்லறைக் குழியில் கிடக்கும் பிணம்போலத் தெரிகிறான். இத்தனையும் ஆசிரியர் சும்மா வைக்கவில்லை.

நூலகத்துமூலை:

முன்னுரையை நானும் ஒதுக்கவில்லை. அதே 14 வரிக்குள் இன்னொன்றும் இருக்கிறது: பெற்றோரின் தீராத பகை, பிள்ளைகளின் சாவைத் தவிர வேறு எதனாலும் அகற்ற முடியாத பகை. நட்சத்திரத்தைச் சொன்ன வாயே பெற்றோரையும் சொல்கிறது. நாம் முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டோம்.

ரோமியோவின் மனசு எச்சரித்தது சரி. எச்சரித்த பிறகு அவன் என்ன செய்தான்? "என் படகைச் செலுத்துகிறவன் செலுத்தட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறான். திரும்பிப் போக வழி இல்லாமல் போகவில்லை. வாசலில் நின்று யோசித்துவிட்டுத்தான் போகிறான்.

பின்வரிசை:

மேடைப் பக்கத்திலிருந்து ஒரு தகவல். அந்த முன்னுரைப் பாட்டு 1597, 1599 அச்சுகளில் இருக்கிறது. ஷேக்ஸ்பியர் இறந்தபின் நாடகங்களையெல்லாம் திரட்டி 1623-இல் போட்ட பெரிய தொகுப்பில் அது இல்லை. ஆகவே முடிவை முதலிலேயே சொல்லாத ஒரு பிரதியைப் படித்த வாசகர்களும் அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறார்கள். சட்டகம் என்று தென்கிழக்கு சொல்வது நாம் நினைக்கும் அளவுக்கு அசையாத ஒன்று கிடையாது.

கடைசிக் காட்சியின் "சில நிமிடங்கள்" பற்றியும் சொல்ல வேண்டும். அந்த இடத்தைக் காலம்தோறும் மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள். இதே கதையை ஷேக்ஸ்பியருக்கு முன்னால் எழுதிய இத்தாலியர்கள் தா போர்த்தோ, பண்டெல்லோ. இவர்களிடம் ரோமியோ உயிரோடு இருக்கும்போதே அவள் விழித்துக்கொள்கிறாள், இருவரும் பேசுகிறார்கள். பிரெஞ்சில் எழுதிய பொவஸ்துவோ அதை மாற்றி, அவன் செத்தபின் அவள் விழிப்பதாக வைத்தார். அந்த வழியில்தான் ஷேக்ஸ்பியர் வருகிறார். 1748-இல் டேவிட் கேரிக் லண்டனில் மேடையேற்றியபோது மறுபடி அவளைச் சீக்கிரம் எழுப்பிவிட்டார், விஷம் ஏறிக்கொண்டிருக்கும்போதே இருவருக்கும் ஒரு நீளமான உரையாடல் எழுதிச் சேர்த்தார். அது ரொம்ப காலம் ஓடியது. 1660-களில் ஜேம்ஸ் ஹோவர்ட் என்பவர் இருவரையும் பிழைக்க வைத்தே ஒரு வடிவம் செய்தார். ஒரு நாள் சோக முடிவு, மறுநாள் சுப முடிவு என்று மாற்றி மாற்றிப் போட்டார்களாம்.

சுப முடிவைத் தாங்குகிற கதை அது என்பதுதான் எனக்கு இதில் படுகிறது. தகப்பனைக் கொன்று தாயை மணப்பான் என்று முன்பே சொல்லப்பட்ட கிரேக்க ஈடிப்பஸ் கதைக்கு யாராவது சுப முடிவு எழுதிப் பார்க்கட்டும், முடியாது. அங்கே பிறப்பிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. இங்கே கடைசி நிமிடம் வரை கதவு திறந்தே இருக்கிறது. எங்கள் குழு இதைப் போட்டபோது, ரோமியோ விஷக்குப்பியைத் தூக்கும் இடத்தில் "இரு, இரு" என்று முன்வரிசையில் ஒரு பாட்டி வாய்விட்டே சொல்லிவிட்டார். முடிவு அவருக்குத் தெரியும். தெரிந்தும் சொல்கிறார்.

இலக்கிய டீச்சர்:

நல்ல இழை. வகுப்பில் இதை எடுக்கும்போது நான் முதலில் கரும்பலகையில் எழுதுவது நாள் கணக்கைத்தான். அதை இங்கேயும் வைக்கிறேன், ஏனென்றால் விதியா தேர்வா என்ற கேள்விக்குப் பாதி விடை அதிலேயே இருக்கிறது.

ஷேக்ஸ்பியர் கையில் வைத்துக்கொண்டு எழுதியது ஆர்தர் புரூக் 1562-இல் வெளியிட்ட நெடுங்கவிதை. அதில் கதை பல மாதங்கள் நடக்கிறது. கல்யாணம் முடிந்து இரண்டு மாதம்போல ரகசியமாகச் சேர்ந்து வாழ்கிறார்கள், அப்புறம்தான் டிபால்ட் சாகிறான். ஜூலியட்டுக்கு 16 வயது. ஷேக்ஸ்பியர் என்ன செய்தார்? எல்லாவற்றையும் ஞாயிறு காலையிலிருந்து வெள்ளி அதிகாலைக்குள் அடைத்தார். ஜூலியட்டின் வயதை 13 ஆக்கினார். ஞாயிறு இரவு பார்த்துக்கொள்கிறார்கள். திங்கள் மதியம் கல்யாணம். கல்யாணம் முடிந்த சூட்டிலேயே ரோமியோவின் நண்பன் மெர்குஷியோவும் டிபால்ட்டும் சாகிறார்கள். ஒரே ஒரு இரவுதான் சேர்ந்திருக்கிறார்கள். செவ்வாய் விடியலில் ரோமியோ மாண்டுவாவுக்குக் கிளம்பிவிடுகிறான்.

இனி கேப்யுலட்டைக் கவனியுங்கள். ஞாயிற்றுக்கிழமை பாரிஸ் பெண் கேட்கும்போது "இன்னும் இரண்டு கோடை போகட்டும், முதலில் அவள் மனசைப் பிடி, அவள் சம்மதம்தான் பெரிது, என் விருப்பம் அதில் ஒரு பங்குதான்" என்று சொன்ன அதே தகப்பன், திங்கள் இரவு மகளைக் கேட்காமலே நாள் குறிக்கிறான். "புதன் சீக்கிரமாகிவிடும், வியாழன் வைத்துக்கொள்வோம்." மறுநாள் அவள் மாட்டேன் என்றதும் தெருவில் பிச்சை எடுத்துச் சாவு என்கிறான். அவள் பாதிரியாரிடம் ஓடுகிறாள். அவர் போடும் திட்டம்: புதன் இரவு மருந்தைக் குடி, 42 மணி நேரம் பிணம்போலக் கிடப்பாய், அதற்குள் ரோமியோவுக்குக் கடிதம் போய்விடும். வீட்டுக்கு வந்து, மனம் மாறியவள்போலத் தகப்பன் காலில் விழுகிறாள். அவனுக்கு ஒரே குஷி. கல்யாணத்தை நாளைக்கே வை என்கிறான். வியாழன் திரும்பவும் புதனாகிறது. "வியாழனே போதுமே, சமையலுக்குச் சாமான்கூட இல்லை, பொழுது சாய்ந்துவிட்டது" என்று அவன் மனைவி சொல்லிப் பார்க்கிறாள். கேட்கவில்லை.

அதனால் ஜூலியட் ஒரு நாள் முன்னதாக, செவ்வாய் இரவே குடிக்க வேண்டியதாகிறது. பாதிரியாருக்கு இருந்த அவகாசத்தில் ஒரு முழு நாள் போய்விட்டது. அந்த ஒரு நாள் இருந்திருந்தால், முதல் கடிதம் போய்ச் சேரவில்லை என்று தெரிந்தபிறகும் இன்னொருவரை அனுப்பியிருக்கலாம். குஷியில் ஒரு தகப்பன் கல்யாணத் தேதியை மாற்றினான், இரண்டு பேர் செத்தார்கள். நட்சத்திரத்தை நான் அங்கே தேடவே மாட்டேன்.

புரூக் தன் நூலின் முன்னுரையில், பெற்றோர் பேச்சைக் கேட்காமல் கெட்ட ஆசைக்கு அடிமையானவர்கள் இப்படித்தான் அழிவார்கள் என்று பிள்ளைகள் மேல் பழியைப் போட்டு உபதேசம் செய்கிறார். ஷேக்ஸ்பியர் கதையை எடுத்துக்கொண்டு அந்த உபதேசத்தைக் கீழே போட்டுவிட்டார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடிய இடங்களில் அதுவும் ஒன்று.

புதுவாசகன்:

எனக்கு ஒரு சந்தேகம். எல்லாரும் பெரியவர்களையே சொல்கிறீர்கள். ரோமியோ மட்டும் யோக்கியமா? ஒரு நாளைக்கு முன்னால் ரோசலினுக்காக அழுதவன். ஜூலியட்டே ஜன்னலில் நின்று "இது ரொம்ப அவசரம், யோசிக்காமல் நடக்கிறது, மின்னல் மாதிரி இருக்கிறது" என்று பயப்படுகிறாள். பாதிரியாரும் "நிதானமாகப் போ, வேகமாக ஓடுகிறவன் தடுக்கி விழுவான்" என்கிறார். டிபால்ட்டை அவன் கொல்ல வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. சண்டை போட்டால் மரண தண்டனை என்று இளவரசர் முதல் காட்சியிலேயே அறிவித்தாயிற்று, தண்டனை அவரிடமே இருந்தது. கடைசியில் அவன் வேலைக்காரன் பால்தசார் வந்து ஜூலியட் செத்துவிட்டாள் என்று சொன்னதும், உண்மையா என்று விசாரிக்காமல் விஷம் வாங்கப் போகிறான். இது அவன் தேர்வு இல்லையா?

நூலகத்துமூலை:

தேர்வுதான் தம்பி. அதை நான் மறுக்கவே மாட்டேன். பால்தசார் "உங்கள் முகம் வெளுத்துப்போய் வெறி பிடித்தாற்போல இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் ஐயா" என்று கெஞ்சுகிறான். பாதிரியாரிடமிருந்து கடிதம் இல்லையா என்று ரோமியோ இரண்டு முறை கேட்கிறான். இல்லை என்றதும் பரவாயில்லை, போய்க் குதிரை பிடி என்கிறான். அந்தக் கடிதத்துக்காக ஒரு நாள் காத்திருந்தாலே போதும். "நட்சத்திரங்களே, உங்களை எதிர்க்கிறேன்" என்று அவன் முழங்குவதும் அதே இடத்தில்தான். எதிர்ப்பதாக நினைத்துக்கொண்டு நேராகக் கல்லறைக்குப் போகிறான்.

அதற்கு அடுத்து வருவது மருந்துக்கடைக் காட்சி. நாடகத்தில் நான் அதிக நேரம் நின்ற இடம் அது. கந்தல் உடுத்திய, எலும்பு தெரிய மெலிந்த ஒரு மருந்துக்காரன். கடையில் ஓர் ஆமை தொங்குகிறது, பாடம் செய்த முதலை, மீன் தோல்கள், அலமாரியில் காலிப் பெட்டிகளைப் பரப்பி வைத்துக் கடை நிறைந்திருப்பதாகக் காட்டியிருக்கிறான். மாண்டுவாவில் விஷம் விற்றால் மரண தண்டனை. ரோமியோ 40 பொற்காசு நீட்டுகிறான். மருந்துக்காரன் சொல்கிறான்: "என் வறுமைதான் சம்மதிக்கிறது, என் மனம் சம்மதிக்கவில்லை." ரோமியோ சொல்கிறான்: "உன் வறுமைக்குத்தான் கொடுக்கிறேன், உன் மனதுக்கு இல்லை."

பசியோடு இருப்பவனுக்குத் தேர்வு என்று ஒன்று எவ்வளவு தூரம் உண்டு? தேர்வு இருக்கிறது, ஆனால் ரொம்பக் குறுகலானது. அந்தக் குறுகலை வானம் உண்டாக்கவில்லை, பட்டினி உண்டாக்கியது. ஜூலியட்டின் நிலையும் எனக்கு அப்படித்தான் தெரிகிறது. ஒவ்வொரு கதவாக மூடப்படுகிறது, மூடும் கைகளுக்கெல்லாம் பெயர் இருக்கிறது: தகப்பன், தாய், செவிலித்தாய். கடைசியாகப் பாதிரியார். ரோமியோவுக்கு இவளைவிட நிறையக் கதவு இருந்தது. அதனால் அவன் பொறுப்பும் கூடுதல்தான்.

தென்கிழக்கு:

ஜூலியட்டை நீங்கள் விதியைப் பழிக்காதவளாகக் காட்டுகிறீர்கள். அது சரியில்லை. "அதிர்ஷ்டமே, உன்னை நிலையற்றவள் என்கிறார்களே" என்று அவளும்தான் கேட்கிறாள். அப்பா கத்திவிட்டுப் போனதும் "என்னைப்போல ஒரு மெல்லிய ஜீவன்மேலா வானம் இப்படிச் சூழ்ச்சி செய்ய வேண்டும்" என்று அழுகிறாள்.

நூலகத்துமூலை:

அழுகிறாள். அழுதுவிட்டு அடுத்த வரியிலேயே செவிலித்தாயின் பக்கம் திரும்பி "நீ என்ன சொல்கிறாய், ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லேன்" என்று கேட்கிறாள். பழியை வானத்தின்மேல் போட்டுவிட்டு அவள் அதோடு உட்கார்ந்துவிடவில்லை, வழி தேடுகிறாள். கைக்குழந்தையிலிருந்து பாலூட்டி வளர்த்த அந்தச் செவிலி, ஞாயிறு இரவிலிருந்து தூது போன அதே செவிலி, "பாரிஸையே கட்டிக்கொள், அவனோடு ஒப்பிட்டால் ரோமியோ ஒரு அழுக்குத் துணி" என்கிறாள். அந்த ஒரு பதிலில் ஜூலியட்டின் குழந்தைப் பருவம் முடிந்துபோகிறது. "எல்லா வழியும் அடைபட்டால் சாவதற்கு என்னிடம் வலு இருக்கிறது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு கிளம்புகிறாள். பதின்ம வயதுப் பெண்ணின் கையில் மிச்சம் இருக்கும் ஒரே அதிகாரம் அதுதான் என்ற நிலைக்கு அவளைக் கொண்டுவந்தவர்கள்மேல் எனக்கு வரும் கோபம் இன்னும் தணியவில்லை.

கார்முகில்:

சிலப்பதிகாரம் படித்தவர்களுக்கு இந்த விவாதம் புதிதில்லை. ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்று பதிகத்திலேயே சொல்லிவிட்டுத்தான் இளங்கோ கதையைத் தொடங்குகிறார். பாண்டியன் விசாரிக்காமல் ஆணையிடும் இடத்தில்கூட "வினைவிளை காலம் ஆதலின்" என்கிறார். ஆனால் உண்மை தெரிந்த பாண்டியன் ஊழ் என்று சொல்லித் தப்பிக்கவில்லை. "யானோ அரசன், யானே கள்வன்" என்று விழுந்து சாகிறான். விதியை ஆசிரியர் சொல்லலாம். தீர்ப்புக் கொடுத்தவன் சொல்லக் கூடாது. நூலகத்துமூலை சொல்ல வருவதும் அதுதான் என்று புரிந்துகொள்கிறேன். சரி, நான் வெரோனாவிலிருந்து உங்களை வெளியே இழுக்கவில்லை, தொடருங்கள்.

தென்கிழக்கு:

கார்முகில் சொன்னதில் எனக்கு வேண்டியதும் இருக்கிறது: ஆசிரியர் விதியைச் சொல்கிறார் என்றால் அதை எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இதுவரை யாரும் தொடாத ஒன்றுக்கு வருகிறேன். கொள்ளைநோய். பாதிரியாரின் கடிதத்தை ரோமியோவிடம் கொண்டுபோக வேண்டிய துறவி சகோதரர் ஜான் மாண்டுவாவுக்குக் கிளம்பும் முன் துணைக்கு இன்னொரு துறவியைத் தேடிப் போகிறார். அந்தத் துறவி வெரோனாவிலேயே நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நோய் பரவிய வீட்டில் இருவரும் இருந்ததாகச் சந்தேகப்பட்டு ஊர்ச் சோதனையாளர்கள் கதவை அடைத்து முத்திரை வைத்துவிடுகிறார்கள். ஜான் ஊரை விட்டே வெளியே போக முடியவில்லை. கடிதத்தைத் திருப்பி அனுப்பக்கூட ஆள் கிடைக்கவில்லை, தொற்றுக்கு அவ்வளவு பயம்.

லண்டனில் 1592-இல் தொடங்கிய கொள்ளைநோய் காலத்தில் நாடக அரங்குகள் 1594 வரை பெரும்பாலும் மூடியே கிடந்தன. திறந்த கொஞ்ச காலத்தில் எழுதப்பட்ட நாடகம் இது. அந்த அரங்கில் நின்று பார்த்தவர்கள் தங்கள் தெருவிலேயே அடைத்த கதவுகளைப் பார்த்தவர்கள். உள்ளே உயிரோடு இருப்பவர்களையும் சேர்த்து அடைப்பார்கள். அவர்களுக்குக் கொள்ளைநோய் கடவுளின் கை. சாகும்போது மெர்குஷியோ "உங்கள் இரண்டு வீட்டுக்கும் கொள்ளைநோய் வர!" என்று மறுபடி மறுபடி சாபம் போடுகிறான். இரண்டு அங்கம் தாண்டி அந்தக் கொள்ளைநோயே வந்து கடிதத்தை மறிக்கிறது. சாபம் பலிக்கிறது. இதைத் தற்செயல் என்றோ யாரோ ஒருவரின் தேர்வு என்றோ நீங்கள் சொன்னால், அன்றைக்கு அங்கே நின்று பார்த்தவர்களுக்கு அது எப்படிப் பட்டிருக்கும் என்பதை விட்டுவிடுகிறீர்கள்.

பின்வரிசை:

அருமை. சாபமும் கடிதமும் இப்படி இணைவதை நான் இதுவரை சேர்த்துப் பார்த்ததில்லை. மேடையில் ஜான் வரும் காட்சி ரொம்பச் சின்னது, பாதிப்பேர் அதை ஓட்டமாக ஓட்டிவிடுவார்கள். இனி அந்த இடத்தில் நிறுத்திப் பேசச் சொல்வேன்.

இலக்கிய டீச்சர்:

தென்கிழக்கு, நீங்கள் வைத்ததிலேயே வலுவான வாதம் இது. கொள்ளைநோய்க்கு மனிதர்கள் யாரையும் நான் பொறுப்பாக்க மாட்டேன்.

ஆனால் கடிதம் ஏன் ஜான் கையில் போனது? மூன்றாம் அங்கத்துக்குப் போங்கள். ரோமியோ பாதிரியாரின் அறையில் தரையில் விழுந்து அழுது, கத்தியை எடுத்து, ஒருவழியாகத் தேறி எழும்போது பாதிரியார் ஓர் உறுதி தருகிறார்: "நீ மாண்டுவாவில் இரு, நான் உன் ஆளைப் பிடித்து, இங்கே நடக்கும் நல்ல செய்தியை எல்லாம் அவ்வப்போது அவன் மூலம் தெரிவிக்கிறேன்." உன் ஆள் என்றால் பால்தசார். தூது போக ஏற்பாடானவன் அவன்தான்.

அடுத்த நாளே திட்டம் மாறுகிறது. கடிதம் ஜானிடம் போகிறது. பால்தசாருக்கு ஒன்றும் சொல்லப்படவில்லை. ஜூலியட்டை அடக்கம் செய்ததை அவன் தன் கண்ணால் பார்க்கிறான், அவள் செத்துவிட்டாள் என்று நம்புகிறான், விசுவாசமான வேலைக்காரன் செய்வதைச் செய்கிறான்: குதிரை ஏறி மாண்டுவாவுக்குப் பறக்கிறான். ஏன் ஆளை மாற்றினார் என்பதற்கு நாடகத்தில் ஒரு வார்த்தை கிடையாது. பால்தசாரைக் கூப்பிட்டு விவரம் சொல்லியிருந்தால் பொய்ச் செய்தி போயிருக்காது, உண்மைச் செய்தி போயிருக்கும். கொள்ளைநோய் எந்த வீட்டுக் கதவை அடைத்திருந்தாலும் சரி.

புதுவாசகன்:

டீச்சர், இப்போதுதான் மூன்றாம் அங்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். அப்படியே இருக்கிறது. இத்தனை முறை படித்தும் கண்ணில் படவில்லை. அப்படியானால் பாதிரியார்தான் முக்கியக் குற்றவாளியா?

இலக்கிய டீச்சர்:

குற்றவாளி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு வீட்டுப் பகையை இந்தக் கல்யாணம் தீர்த்துவைக்கும் என்று நம்பியவர் அவர் ஒருவர்தான். அவர் அறிமுகமாகும் காட்சியை நினைத்துப் பாருங்கள். விடியலில் கூடை தூக்கிக்கொண்டு மூலிகை பறிக்கிறார். ஒரு சிறு பூவைக் கையில் வைத்துக்கொண்டு, இதை முகர்ந்தால் உடம்புக்குத் தெம்பு, தின்றால் இதயம் நின்றுவிடும், ஒரே தோலுக்குள் விஷமும் மருந்தும் குடியிருக்கின்றன என்கிறார். எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் நல்லதும் கெட்டதும் என்று தெரிந்த மனிதர். ஆனால் உண்மையை வெளியே சொல்லும் துணிவு மட்டும் அவருக்கு இல்லை. "இவர்களுக்கு நான்தான் கல்யாணம் செய்துவைத்தேன்" என்று கேப்யுலட்டிடம் போய் ஒரு வரி சொல்லியிருக்கலாம். அதை எல்லாரும் செத்த பிறகு இளவரசர் முன்னால் சொல்கிறார்.

பின்வரிசை:

ஜூலியட் மருந்து குடிக்கும் காட்சியைப் பற்றி யாரும் எழுதவில்லை. நாடகத்தில் முழுமையான தேர்வு என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் அதைத்தான் காட்டுவேன்.

தாயும் செவிலியும் போனபின் தனியாக நிற்கிறாள். பயத்தில் செவிலியைத் திரும்பக் கூப்பிடுகிறாள். உடனே "அவள் வந்து என்ன செய்யப்போகிறாள்" என்று நிறுத்திக்கொள்கிறாள். அப்புறம் ஒவ்வொன்றாக யோசிக்கிறாள். மருந்து வேலை செய்யாவிட்டால்? கத்தியை எடுத்துப் பக்கத்தில் வைக்கிறாள். ரகசியக் கல்யாணம் வெளியே தெரியாமல் இருக்கப் பாதிரியார் விஷத்தையே கொடுத்திருந்தால்? அவரை நல்லவர் என்று இதுவரை கண்டிருக்கிறேன், அந்த நினைப்பு வேண்டாம். ரோமியோ வருவதற்கு முன்பே விழித்துக்கொண்டால்? காற்றில்லாத நிலவறை, முன்னோரின் எலும்புகள், நேற்றுப் புதைத்த டிபால்ட் துணிக்குள் அழுகிக்கொண்டிருப்பான். பைத்தியம் பிடித்து ஒரு மூதாதையின் எலும்பை எடுத்து என் மண்டையையே உடைத்துக்கொள்வேனோ?

இவ்வளவையும் கண்முன் கொண்டுவந்து பார்த்துவிட்டுக் குடிக்கிறாள். அந்தப் பேச்சு முழுவதிலும் நட்சத்திரம் இல்லை, அதிர்ஷ்டம் இல்லை. ஆபத்து எது எது என்று எண்ணிப் பார்த்து, தெரிந்தே எடுத்த முடிவு. ரோமியோ இப்படி ஒரு முறைகூட யோசிப்பதில்லை. எங்கள் ஜூலியட்டாக நடித்த பெண் ஒத்திகையில் இந்த இடத்தை அழுதுகொண்டே சொன்னாள். அழாமல், கணக்குப் போடுகிறவளாகச் சொல்லிப் பார் என்றோம். அரங்கம் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

கார்முகில்:

இளவரசரையும் விட்டுவிடாதீர்கள். கடைசியில் அவர் சொல்வது: "உங்கள் சண்டையைக் கண்டும் காணாமல் இருந்ததற்கு நானும் என் உறவினர் இருவரை இழந்தேன். எல்லாரும் தண்டிக்கப்பட்டோம்." மெர்குஷியோவும் பாரிஸும் அவருடைய சொந்தங்கள். அதிகாரத்தில் இருப்பவர் "கண்டும் காணாமல் இருந்தேன்" என்று ஒப்புக்கொள்கிறார். ஊர் நடுவே மூன்று முறை கலவரம் நடந்தபிறகுதான் அவர் மரண தண்டனை அறிவிப்பையே கொண்டுவந்திருக்கிறார்.

நூலகத்துமூலை:

அதே உரையில் "சிலருக்கு மன்னிப்பு, சிலருக்குத் தண்டனை" என்றும் சொல்கிறார். யாருக்கு என்று நாடகம் சொல்லவில்லை. புரூக்கின் கவிதை சொல்கிறது. செவிலியை நாடுகடத்துகிறார்கள். ரோமியோவின் வேலைக்காரனை விட்டுவிடுகிறார்கள். பாதிரியாரையும் விட்டுவிடுகிறார்கள், அவர் ஊருக்கு வெளியே தனிமையில் போய் இருந்து சில வருடங்களில் சாகிறார். மருந்துக்காரனைத் தூக்கில் போடுகிறார்கள்.

வறுமை சம்மதித்தது, மனம் சம்மதிக்கவில்லை என்று சொன்னானே, அவனை. பகையை வளர்த்த இரண்டு தகப்பன்மார்? ஒருவன் மருமகளுக்குப் பொற்சிலை வைப்பதாகச் சொல்கிறான், இன்னொருவன் மாப்பிள்ளைக்கும் அதே அளவு செலவில் வைப்பதாகச் சொல்கிறான். விதி என்ற பேச்சு இந்த மாதிரித் தீர்ப்புகளுக்குத்தான் ரொம்ப வசதியாக இருக்கிறது. அதனால்தான் அதை நான் இவ்வளவு பிடிவாதமாக எதிர்க்கிறேன்.

தென்கிழக்கு:

இதற்கு என்னிடம் பதில் இல்லை என்று நினைக்காதீர்கள். அந்தத் தகப்பன்மார் விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன், பாதிரியார் ஆளை மாற்றியதிலும் நிற்கிறேன். ஜான் வீட்டுக் கதவும், ஜூலியட் விழித்த நேரமும், தெருமுனையில் ரோமியோ எதிரே வந்ததும் என் பக்கம்தான் இருக்கின்றன. அவற்றை எந்தத் தகப்பனும் செய்யவில்லை.

இன்னொருவனும் என் பக்கம் இருக்கிறான், இத்தனை பேரும் எழுதியதில் அவனை நின்று பார்த்தவர்கள் யாரும் இல்லை. பாரிஸ். அவன் பெண் கேட்டது தகப்பனிடம், பெண்ணிடம் கேட்கவே இல்லை, அந்தத் தவறு அவனுடையது. ஆனால் வியாழன் இரவு கையில் பூவும் நறுமண நீரும் எடுத்துக்கொண்டு அவள் கல்லறைக்கு வருகிறான், தினமும் இரவு வந்து அழுவேன் என்கிறான். கதவை உடைக்கும் ரோமியோவைப் பார்த்ததும், பிணத்தை அவமானப்படுத்த வந்த எதிரி என்று நினைத்துத் தடுக்கிறான். "போய்விடு, என்னைப் பாவத்துக்குத் தூண்டாதே" என்று ரோமியோ கெஞ்சியும் விடவில்லை. செத்து விழும்போது, கருணை இருந்தால் என்னை ஜூலியட்டின் பக்கத்தில் கிடத்து என்று கேட்கிறான். ரோமியோவும் கொண்டுபோய்க் கிடத்துகிறான், துரதிர்ஷ்டத்தின் புத்தகத்தில் என்னோடு சேர்த்து எழுதப்பட்டவன் என்கிறான்.

அவள் இன்னொருவன் மனைவி என்பது அவனுக்குக் கடைசிவரை தெரியாது. எந்த விவரமும் தெரியாதவன் தேர்ந்தெடுத்தான் என்று எப்படிச் சொல்வீர்கள்? நூலகத்துமூலை, இதற்கு மட்டும் உங்கள் பதிலைப் படிக்க ஆசை.